ஜாமீன் கையெழுத்து

எங்கள் ஊர்க் கிளை நூலகத்து வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கும். நீலத்தில் வெள்ளை எழுத்து. அமைதி காக்கவும். பைகளை வெளியே வைக்கவும். புத்தகத்தில் கிறுக்காதீர். பக்கங்களை மடிக்காதீர். கடைசி வரி, வெள்ளிக்கிழமை விடுமுறை. நீங்களும் இதை எங்காவது பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டு நூலகப் பலகை எல்லாவற்றையும் ஒரே பெயிண்டர் எழுதின மாதிரிதான் இருக்கும்.

பலகையில் இல்லாத விதி ஒன்று உள்ளே மேசையில் இருந்தது. உறுப்பினர் ஆகணும்னா படிவத்தின் அடியில் ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போடணும். கெசட்டட் ஆபீசர், இல்லையென்றால் ஊராட்சித் தலைவர் மாதிரி ஊரில் பெயர் உள்ள ஒருத்தர். பையன் புத்தகத்தோடு காணாமல் போனால் அவர்தான் பொறுப்பு. ஏழாம் வகுப்பில் அந்தப் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "நமக்கு யாருடா கையெழுத்துப் போடுவா?"

வாடகை வீடு. சொந்த ஊரும் அது இல்லை. படிவம் அப்படியே காலண்டருக்குப் பின்னால் செருகப்பட்டது. பல மாதம் அங்கேயே இருந்தது.

அம்மா கேட்டது வெறும் வீட்டுப் புலம்பல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நூலக வரலாற்றைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அது பல நூறு வருஷத்துக் கேள்வி. ஒரு மனிதனை நம்பி ஒரு புத்தகத்தைக் கொடுக்கலாமா? நூலக விதிகள் எல்லாமே, 'அமைதி காக்கவும்' உட்பட, ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவர் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான்.

*

முதல் பதில் சங்கிலி.

இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்ட் என்ற ஊரின் பேராலயத்தில் சங்கிலி நூலகம் ஒன்று இன்றும் இருக்கிறது. சுமார் 1,500 புத்தகங்கள். ஒவ்வொன்றின் முன்னட்டை ஓரத்திலும் ஒரு சங்கிலி. அதன் மறுமுனை அலமாரியின் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பியில் கோத்திருக்கும். கம்பிக்குப் பூட்டு. புத்தகத்தை எடுத்துக் கீழேயுள்ள சாய்மேசையில் வைத்துப் படிக்கலாம், சங்கிலியின் நீளம் அதற்குப் போதும். எழுந்து வாசலுக்குப் போகப் போதாது. சங்கிலி சிக்கக்கூடாது என்பதற்காகப் புத்தகங்களை முதுகு உள்பக்கமாகத்தான் அடுக்கியிருப்பார்கள். நாம் பார்ப்பது தாள்களின் ஓரத்தை மட்டும்.

பார்த்தால் கொடுமையாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத்துக் கணக்கு வேறு. ஆட்டுத்தோல், கன்றுத்தோல் பதப்படுத்தி, மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் எழுதிய பிரதி ஒவ்வொன்றும் ஒரு சொத்து. அதற்கு முன் அதெல்லாம் பெட்டிக்குள் இருந்தது. சாவி ஒருவர் கையில் இருக்கும். சங்கிலி வந்த பிறகுதான் புத்தகம் பெட்டியை விட்டு வெளியே வந்து மேசைமேல் நின்றது. வரக்கூடியவர்கள் வந்து படிக்கலாம் என்றானது. பூட்டு என்பது சில சமயம் கதவைத் திறந்து வைப்பதற்கான விலையாகவும் இருந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

*

அச்சு வந்து புத்தகம் மலிவானது. சங்கிலி போனது. சந்தேகம் போகவில்லை. அது புத்தகத்தின் விலையிலிருந்து வாசகரின் வர்க்கத்துக்கு இடம் மாறிக்கொண்டது.

1850இல் பிரிட்டன் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. ஊர்மக்களின் வரியில் நூலகம் நடத்தலாம் என்று அது சொன்னது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு பலமாக இருந்தது. சிப்தார்ப் என்ற உறுப்பினர் எழுந்து, தனக்கு வாசிப்பே பிடிக்காது, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதும் பிடித்ததில்லை என்ற ரீதியில் பேசினார். தொழிலாளிக்கு எதற்குப் புத்தகம் என்பதுதான் அந்த எதிர்ப்பின் உள்ளடக்கம். சட்டம் எப்படியோ நிறைவேறியது. பவுண்டுக்கு அரைப்பென்னி வரி. அதிலும் ஒரு வேடிக்கை, கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் செலவழிக்கலாம், புத்தகம் வாங்கக் கூடாது! 1855இல்தான் ஒரு பென்னியாக உயர்த்தி, புத்தகமும் வாங்கலாம் என்றார்கள்.

நூலகம் திறந்தாயிற்று, ஏழைகளும் உள்ளே வந்தார்கள். உடனே விதிகளும் வந்தன. பல நூலகங்களில் செய்தித்தாளைச் சாய்வுப் பலகையில் பொருத்திவிட்டார்கள், நின்றுகொண்டுதான் படிக்க முடியும். உட்காரவிட்டால் வேலையில்லாதவன் அங்கேயே கிடப்பான் என்ற பயம். 1890களில் இன்னொன்று செய்தார்கள். குதிரைப் பந்தயச் செய்தி வரும் பத்திகளைக் கறுப்பு மையால் அழித்துவிட்டுத்தான் பேப்பரை வெளியே வைப்பார்கள். சூதாடிகள் கூட்டம் சேரக்கூடாதாம்.

அலமாரிப் பக்கம் வாசகர் போகவே முடியாது. கவுன்ட்டரில் 'இண்டிகேட்டர்' என்று ஒரு பெரிய பலகை நிற்கும். அதில் புத்தகத்துக்கு ஓர் எண். எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும் நிறத்தை வைத்து, புத்தகம் உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். எண்ணைச் சொன்னால் ஊழியர் உள்ளே போய் எடுத்து வருவார். புத்தகத்தைத் தொடாமல், புரட்டாமல், வெறும் எண்ணைப் பார்த்து ஒரு நாவலைத் தேர்ந்தெடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

1894இல் லண்டனின் கிளார்க்கன்வெல் பகுதி நூலகர் ஜேம்ஸ் டஃப் பிரவுன் இந்தப் பலகையைத் தூக்கிப் போட்டார். வாசகர்களை அலமாரிக்கு நடுவில் நடக்கவிட்டார். சக நூலகர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். புத்தகம் களவு போகும், அடுக்கு கலையும் என்றார்கள். நாம் இன்று சாதாரணமாக அலமாரிக்கு முன்னால் போய் நிற்கிறோமே, தலையைச் சாய்த்து முதுகில் உள்ள பெயரைப் படிக்கிறோமே, அந்தச் சின்ன உடலசைவுக்குப் பின்னால் இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது.

*

வர்க்கம் மட்டும்தானா என்றால், இல்லை. அமெரிக்காவில் அதே கேள்விக்கு நிறத்தை வைத்துப் பதில் சொன்னார்கள்.

வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியா நகரம். அங்கே பொது நூலகம் 1937இல் திறக்கப்பட்டது. வரி எல்லோரும் கட்டினார்கள். உறுப்பினர் அட்டை வெள்ளையருக்கு மட்டும். சாமுவேல் டக்கர் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் ஒரு திட்டம் போட்டார். 1939 ஆகஸ்ட் 21 அன்று ஐந்து கறுப்பின இளைஞர்கள், நன்றாக உடுத்திக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக நூலகத்துக்குள் போனார்கள். ஒவ்வொருவரும் மேசையில் மரியாதையாக அட்டை கேட்டார். மறுத்தார்கள். அவர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, தனி மேசையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அடுத்தவர் வந்தார், கேட்டார், உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது.

போலீஸ் வந்து கைது செய்தது. குற்றச்சாட்டு, ஒழுங்கீனம்.

இந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். அமைதி காக்கவும் என்ற விதியை அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மிகச் சரியாகக் கடைப்பிடித்தவர்கள் அந்த ஐந்து பேர்தான். சத்தம் போடவில்லை, பேசவில்லை, பக்கம் மடிக்கவில்லை. விதியைக் கடைப்பிடிக்கும் உரிமையே அவர்களுக்கு இல்லை என்பதுதான் பிரச்சினை. அடுத்த ஆண்டு நகரம் கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சிறிய நூலகம் கட்டிக் கொடுத்தது. டக்கர் அதன் அட்டையை ஏற்க மறுத்துவிட்டார். அவர் கேட்டது அந்தப் பழைய கட்டடத்தின் அட்டையை.

*

நம் ஊருக்கு வருவோம்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். ஆரம்பத்தில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. ஆளரவமில்லாத அறையில் உட்கார்ந்திருக்க முடியாமல், பழைய வேலைக்கே போய்விடலாமா என்று யோசித்தார். பயிற்சிக்காக லண்டன் போனதுதான் திருப்பம். அங்கே ஏராளமான நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளும் உள்ளே வந்து புத்தகம் எடுப்பதைப் பார்த்தார். பிரவுன் போன்றவர்கள் போட்ட சண்டையின் பலன் கண்முன்னால் இருந்தது. 1925இல் திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார்.

1931இல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வெளிவந்தன. புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளரும் உயிர். நூலகவியல் மாணவர்கள் இன்றும் இதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்த் தகரப் பலகையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலகையின் விதிகள் எல்லாம் வாசகருக்கு. ரங்கநாதனின் விதிகள் எல்லாம் நூலகத்துக்கு! வாசகர் என்ன செய்யக்கூடாது என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. முதல் விதியை விளக்கும்போது சங்கிலிப் புத்தகங்களின் கதையிலிருந்துதான் தொடங்குகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பதா, பயன்படுத்துவதா என்ற கேள்வியின் நீளம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதே 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபை என்பவர் முன்முயற்சியில் மாட்டு வண்டி நூலகம் கிளம்பியது. வாசகர் படியேறி வரணும் என்ற எழுதப்படாத விதியை அந்த வண்டி உடைத்தது.

தத்துவம் போதாது, சட்டம் வேண்டும் என்பதில் ரங்கநாதன் உறுதியாக இருந்தார். 1930இல் காசியில் நடந்த ஆசியக் கல்வி மாநாட்டிலேயே ஒரு மாதிரிச் சட்ட வரைவை வைத்திருந்தார். பதினெட்டு வருஷம் கழித்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம், 1948 நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமானதும் அன்றைக்குத்தான்.

அந்தச் சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் அரையணா சேர்த்து வசூலிக்க வேண்டும், அது நூலகத்துக்கே போக வேண்டும். இன்று அது நூற்றுக்குப் பத்து. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொந்த வீடு இல்லாதவர்? வீட்டுக்காரர் வரியைத் தன் கையிலிருந்தா கட்டுகிறார்? வாடகையில் அதுவும் அடக்கம்தான்.

அதாவது 1950 ஏப்ரலிலிருந்து, சட்டப்படி பார்த்தால், காலண்டருக்குப் பின்னால் படிவத்தைச் செருகிய என் அம்மா அந்த நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தவர். அவர் பிள்ளைக்கு அங்கே புத்தகம் எடுக்க இன்னொருவர் ஜாமீன் நிற்க வேண்டும்.

*

ஏன் இப்படி? நூலகர்கள் கெட்டவர்களா? எனக்கும் ரொம்ப நாள் அவர்கள்மேல் கோபம் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவரைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

ஆனால் அவருக்கு மேலேயும் ஒரு விதி இருந்தது. இந்திய அரசு அலுவலக மரபில் புத்தகம் என்பது ஸ்டாக். நாற்காலி, பீரோ மாதிரி. வருஷா வருஷம் இருப்பு எடுப்பார்கள். தணிக்கையில் குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும், பல இடங்களில் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள். நூறு பேர் படித்து இரண்டு புத்தகம் தொலைந்த நூலகர் நோட்டீஸ் வாங்குவார். யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்தவருக்கு நற்சான்று. நீங்களோ நானோ அந்த நாற்காலியில் இருந்தாலும் சாவியை இடுப்பில்தான் செருகியிருப்போம். வாசகர்மேல் விழும் விதி பெரும்பாலும் நூலகர்மேல் விழுந்த விதியின் நிழல்.

இதற்கு மருந்தும் ஒரு விதிதான். மத்திய அரசின் பொது நிதி விதிகளில், அரசு நூலகங்களுக்காக ஒரு பிரிவு உண்டு. ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் தொலைவது இயல்பு என்று அது ஒத்துக்கொள்கிறது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எனக்குத் தெரிந்து அரசாங்க மொழியில் எழுதப்பட்ட மிக அழகான வாக்கியங்களில் இதுவும் ஒன்று. கணக்கும் சூட்சுமமானது. இருப்பில் ஆயிரத்துக்கு ஐந்து என்று சொல்லவில்லை, புழக்கத்தில் ஆயிரத்துக்கு ஐந்து. நாளைக்கு நூறு புத்தகம் வீதம் வருஷத்துக்கு 300 நாள் கொடுத்தால் 30,000. அதில் 150 வரை தொலையலாம். பூட்டி வைத்தவருக்கு அனுமதி பூஜ்யம். அதிகமாகக் கொடுப்பவருக்கு அதிகமாகத் தொலைக்க அனுமதி. வாசகர்களை நம்புவதற்கு நூலகருக்கு அரசு கொடுத்த ஜாமீன் கையெழுத்து என்று இதைச் சொல்லலாம்.

புத்தகத்துக்கு உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. யாழ்ப்பாணத்தில் பொது நூலகம் கட்டத் திட்டமிட்டபோது ரங்கநாதனிடம்தான் ஆலோசனை கேட்டார்கள். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து கொடுத்தார். 1959இல் திறந்த அந்த நூலகத்தில் 1981 வாக்கில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. மே 31 இரவு தொடங்கி அவை எரிக்கப்பட்டன. பக்கம் கிழித்த வாசகருக்கு எல்லா நூலகத்திலும் அபராதம் உண்டு. அந்த இரவுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

*

அப்படியானால் விதியே வேண்டாமா? அதுவும் சரியில்லை.

கிறுக்காதீர் என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு போட்டித்தேர்வு வழிகாட்டியில் முன்னால் படித்தவர் எல்லா விடையையும் பேனாவால் டிக் அடித்து வைத்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்? தவணைத் தேதியும் அப்படித்தான். நான் வைத்திருக்கும் நாவலுக்காக முகம் தெரியாத ஒருவர் காத்திருக்கிறார். இந்த விதிகள் புத்தகத்தை வாசகரிடமிருந்து காப்பாற்றவில்லை, எனக்கு அடுத்து வரும் வாசகருக்காக என்னிடம் பேசுகின்றன. சங்கிலிகூட ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தது என்று பார்த்தோம். அதனால் எந்த நூலக விதியையும் உரசிப் பார்க்க ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன். இது அடுத்தவருக்காகவா, இல்லை என்னை உள்ளே விடாமல் இருக்கவா?

அபராதத்தையே பாருங்கள். நோக்கம் அடுத்தவருக்காகத்தான். ஆனால் கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை, ஃபைன் ஏறிவிட்டது என்று பயந்து புத்தகத்தைத் திருப்பித் தராமல், அந்தப் பக்கமே வராமல் போய்விடும். விதி புத்தகத்தையும் இழந்தது, வாசகரையும் இழந்தது. இதை உணர்ந்துதான் சிகாகோ பொது நூலகம் 2019இலும் நியூயார்க் பொது நூலகம் 2021இலும் தாமதக் கட்டணத்தை எடுத்துவிட்டன. நீண்ட நாள் வராதிருந்த புத்தகங்கள் திரும்பி வந்தன. புத்தகத்தோடு ஆளும் வந்தார்.

நம்மூரிலும் ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. சொந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டுவரக்கூடாது என்பது பழைய இரும்பு விதி. எது யாருடையது என்று தெரியாமல் போகும் என்ற பயம். 2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் வாசிப்புக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. காலையிலேயே இடம் பிடிக்க வரும் இளைஞர்களைப் பார்க்கலாம். முக்கால்வாசிப் பேர் தேர்வுக்குப் படிப்பவர்கள். அவர்களுக்கு நூலகத்தின் புத்தகம்கூட வேண்டாம். ஒரு நாற்காலி, மேலே ஃபேன், வெளிச்சம், குடிக்கத் தண்ணி, சுத்தமான கழிப்பறை, ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்காத எட்டு மணி நேரம். உட்காரவிட்டால் கிடப்பான் என்று பயந்து பேப்பரைச் சாய்வுப் பலகையில் மாட்டியவர்களிடமிருந்து நாம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

என் படிவத்தின் கதையை முடித்துவிடுகிறேன். பல மாதம் கழித்து, கையெழுத்து இல்லாமலேயே அதை எடுத்துக்கொண்டு போனேன். நூலகர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தினமும் சாயங்காலம் வந்து, மூடும்வரைக்கும் தரையில் உட்கார்ந்து படிக்கிற பையன் என்று அவருக்குத் தெரியும். "வெச்சுட்டுப் போ" என்றார். மறுநாள் போனால் அட்டை தயார். பேப்பர் படிக்க வந்த ஊராட்சித் தலைவரிடம் அவரே படிவத்தை நீட்டியிருக்கிறார். தலைவர் என்னைப் பார்த்ததுகூட இல்லை. "நம்ம பையன்தாங்க, போடுங்க" என்று நூலகர் சொன்னாராம்.

முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, கழற்றிய செருப்பைத் தேட ரொம்ப நேரம் ஆனது. கண் பின்னாலேயே இருந்தது. யாராவது கூப்பிட்டு நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். யாரும் கூப்பிடவில்லை.